பதினான்கு பேருக்கு ஒரு மேசை

பதினொரு கடைகளுக்கு அழைப்பெடுத்தேன்.
"பதினாலு பேரா மிஸ்?" என்றதும்
பத்துக் கடைகளில் மூச்சு இழுபட்டது.
ஒன்றில் முற்பணம்.
ஒன்றில் எட்டு மணிக்குள் எழும்பிவிட வேண்டும்.
இன்னொன்றில், இரண்டிரண்டாய்ப் பிரிந்து இருக்கலாமே என்றார்கள்,
காதலர்களைப் போல.
எங்கள் கணக்காய்வுப் பிரிவை!

பதினோராவது கோட்டையில்,
துறைமுகச் சுவரை ஒட்டிய சந்துக்குள்.
பெயர்ப்பலகையில் பாதியை உப்புக்காற்று தின்றிருந்தது.
மாத்தறைச் சாப்பாடு.
"வாங்க. ஆனா நடுவுல ஒரு தூண் இருக்கு" என்றார் ரமீஸ்,
தூணுக்கும் ஒரு கதிரை போடப்போகிறவர் போல.

இருந்தது.
ஒல்லாந்தர் கட்டினதென்று முதலாளி சொல்வாராம்,
வேறு யாரும் சொல்வதில்லையாம்.
இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன்.
அதைச் சுற்றி நாலு மேசைகளை இழுத்து ஒட்டி
ஆடின காலுக்கு லொத்தர்ச் சீட்டொன்றை மடித்து வைத்தார்.

யாரும் சொல்லவில்லை.
இருந்து பார்த்தால் தூணுக்கு இந்தப் பக்கம் தமிழ்,
அந்தப் பக்கம் சிங்களம்,
தூணுக்கு நேரே
தன் ஆங்கிலத்தோடு தனியாக யான்ஸ்.

அம்புல் தியல் வந்தது.
கறுத்து, இறுகி,
கொறக்காப்புளி மணத்தோடு
ஒரே ஒரு சட்டியில்.

பிறகென்ன, எட்ட வேண்டியதுதான்.
கிருபைரத்தினம் அண்ணர் வாய் நிறையச் சோற்றோடு
இது மட்டக்களப்பில் இருந்து போன சமையல் என்றார்.
அந்தப் பக்கத்தில் ஜகத் சிரித்ததில் பருப்பு புரைக்கேறியது.
புஷ்பமலருக்கு வெள்ளிக்கிழமை;
கேட்காமலே பொலொஸ் கறி தூணைச் சுற்றி வந்தது,
ஒரு கை மட்டும் தெரிந்தது,
நகத்தில் பேனை மை.
தில்ருக்ஷி!
மூன்று வருடமாய் எனக்கு எதிர் மேசை,
இடக்கைக்காரி என்று
இன்றைக்குத்தான் தெரியும்.

பில் வந்தது.
பதினான்கு கணக்காய்வாளர்கள்,
ஒரு துண்டுக் கடதாசி.
மூன்று தரம் கூட்டினோம்.
பிளேன்டீ பதினைந்து.
பதினைந்தாவதைக் குடித்தது ஆர்?
வவுச்சர் கேட்டார் ஜகத்.
கோப்பைகளை எண்ணினார் அண்ணர்.
யான்ஸ் மீசையைத் துடைத்துக்கொண்டு
விட்டத்தைப் பார்த்தார்.
"தூண் குடிச்சிருக்கும்" என்றார் ரமீஸ்,
வெலிகமத் தமிழில் ஒருதரம்,
சிங்களத்தில் ஒருதரம்.
இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரிக்கவில்லை,
முதலில் இது, பிறகு அது,
பிறகு யான்ஸ், கடைசியாக, கொஞ்சம் கூடவே.

கை கழுவி வரும்போதுதான் கண்டேன்:
தூணில், என் தோள் உயரத்தில்,
சுண்ணாம்பு போய் ஒரு மினுக்கம்.
எண்ணெய்ப் பிசுக்கு.
சாய்ந்து எட்டிச் சட்டி கொடுக்கிறவர்கள்
மற்றக் கையை ஊன்றுகிற இடம்.

"சித்திரைக்குச் சித்திரை வெள்ளையடிக்கிறது மிஸ்.
வைகாசி முடியமுன்னம்
திரும்பவும் இப்பிடித்தான்."

வெளியே மழை பிடித்திருந்தது.
மூன்று முச்சக்கரவண்டிக்கு
எப்படிப் பதினான்கு பேர் என்று
கூட்டத் தொடங்கினார் ஜகத்.