நாரங்கா வெள்ளம்

எட்டிமடையில் ஏறி கஞ்சிக்கோட்டில் இறங்குகிறேன்.
ஏறும் இடத்தில் தோல்,
இறங்கும் இடத்தில் தொலி.
புட்டிக்குள் வந்துவிட்டால்
இரண்டும் ஃபார்மலினில் ஒரே சாம்பல்.

இன்றைய புட்டியில் பட்டாணி அளவு.
சீட்டில் மலையாள எழுத்தில்
ஆறுச்சாமி, நாற்பத்தொன்று, லாரி.
இடது முழங்காலுக்குக் கீழே.
பழைய தழும்பு, தானாகத் திறந்தது.
தானாக என்பதன் அடியில் டாக்டர் பிந்துஜா
இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

பன்னிரண்டு வருஷம் முன்னால்
வாளையாறு செக்போஸ்ட்டில் பின்கதவுக் கொக்கி கிழித்ததாம்.
பதினொரு தையல்.
"அதெல்லாம் அப்பவே ஆறிப்போச்சுங்க"
என்றானாம் ஆறுச்சாமி.

மெழுகில் புதைத்து, ஐந்து மைக்ரானுக்குச் சீவி,
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துகிறேன்.
மூச்சு பட்டால் சுருண்டுகொள்ளும்.
பிறகு சாயம்:
கருவுக்குக் கறுப்பு, தசைக்குச் சிவப்பு,
நாருக்கு நீலம்.

நல்ல தோல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.
நீலக் கட்டுகள் குறுக்கும் நெடுக்கும்,
இடையிடையே இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் இழைகள்,
எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு
இளநீர் வழுக்கை மாதிரி ஒரு கூழ்.
அதில் குடியிருப்போர் பலவிதம்.
கண்டதை விழுங்கும் பெருந்தீனிச் செல்,
மடியில் வெடிமருந்து கட்டிய மாஸ்ட் செல்,
வாயே திறக்காமல் எண்ணெய் பதுக்கும் கொழுப்புச் செல்.
இவர்களுக்கு நடுவே ஒல்லியாக,
இரண்டு முனையும் கூர்ந்து,
நார் நூற்கிற செல்.
நான் படித்த புத்தகத்தில் அதற்கு ஒரே வரி,
பரீட்சையில் இரண்டு மார்க்.

ஆறுச்சாமியின் கண்ணாடியில் அது இருக்கிறது.
நிறையவே இருக்கிறது, ஓடிவந்து கூடியிருக்கிறது.
நீலத்தைத்தான் காணோம்.
துவைத்துத் துவைத்து வெளுத்த லுங்கியின் நீலம் கொஞ்சம்,
அதிலும் கிழிசல்,
கிழிசலெல்லாம் கசிந்த ரத்தம்.

போனில் கேட்டேன்,
என்ன சாப்பிடுகிறானாம் டாக்டர்?
டீ, பன், புரோட்டா. ராத்திரி ஒரு குவார்ட்டர்.
காய்கறி?
சால்னாவில் வெங்காயம் கிடக்குமே, என்றானாம்.

நார் என்பது மூன்று புரி.
அவன் தார்ப்பாய் இறுக்குகிற கயிறும் அப்படித்தான்.
முறுக்கினால் போதாது, முறுக்கு நிற்கப் பூட்ட வேண்டும்.
பூட்டுக்குக் கொஞ்சம் புளிப்பு.
அது இல்லாத மாதங்களில்
செல் பாட்டுக்கு நூற்கும்,
நூற்றது பிரிந்துகொண்டே போகும்.

இதை நான் படித்துத்தான் இருந்தேன்.
படித்த அன்று உறைக்கவில்லை.
தழும்பு என்றால் முடிந்த விஷயம் என்றே இருந்தேன்.
பன்னிரண்டு வருஷமாக
அவன் கொச்சிக்கு வெங்காயம் ஓட்டியபோதும்
வரிசையில் ஸ்டியரிங் மேல் தூங்கியபோதும்
அந்தப் பதினொரு தையல் நீளத்துக்கு
பழைய நாரை உருவி
புது நாரைச் செருகிக்கொண்டிருந்திருக்கிறது ஒல்லிச் செல்.
யாரும் பார்க்கவில்லை. ஒரு ராத்திரி லீவு இல்லை.
சரக்கு வருவது நின்றது,
பழையது மட்டும் உருவிக்கொண்டே போனது.
ஆறியது என்கிறோம்.
ஆறிக்கொண்டே இருந்தது என்று சொல்லியிருக்க வேண்டும்.

நானும் வீட்டுக்காரரும்
பேசி முடித்த விஷயம் ஒன்று உண்டு.
ஏழு வருஷமாகிறது.
அதற்கப்புறம் இரண்டு பேருமே
அந்தப் பக்கம் போனதில்லை.

மாத்திரை எழுதிவிட்டு டாக்டர் சொன்னாராம்,
தினமும் நாரங்கா வெள்ளம் குடிக்கணும்.
இருபது வருஷம் இந்த ரோட்டில் ஓடியவன்,
ஆனாலும் கிண்டல் விடுமா,
"வெள்ளமெல்லாம் நமக்குத் தாங்காதுங்க,
ஒரு கிளாஸ் போதும்."
எனக்கோ அந்தப் பெயரின் முன்பாதியிலேயே காது நின்றுவிட்டது.
நார்.
பெயர் வைத்தவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

கண்ணாடிக்கு நம்பர் ஒட்டித் தட்டில் அடுக்கினேன்.
பாசஞ்சர் நாற்பது நிமிஷம் லேட்.
ஸ்டேஷன் வாசலில் எலுமிச்சை
நாலு வாங்கினேன்.
வீட்டில் யாருக்கும் புண் இல்லை.