பெட்டிக் கணக்கு

வண்டி வாடகையை
வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்போம் என்றேன்.
பெட்டிக்கு இவ்வளவு என்றாள் மாரக்கா.
எனக்கு நாற்பது பெட்டி தக்காளி, அவளுக்கு ஒன்பது.
இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மறுநாள் குட்டி யானை
அவள் வாசலில் நிற்காமல் போயிற்று.
யாரும் முடிவெடுக்கவில்லை.
நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை,
அவ்வளவுதான்.

ஆறு வாரம்.
அவள் பேர் வரவேண்டிய இடத்தில்
'அந்த வீடு' என்றோம்.

ராயக்கோட்டை மண்டி, விடியவில்லை இன்னும்.
டவுன் பஸ்ஸின் பின்படியிலிருந்து
பெட்டி இறக்கிக்கொண்டிருந்தாள்.
நாலாவதில் கண்டக்டர் விசில் ஊதிவிட்டான்.
ஐந்தாவது
பஸ்ஸோடு போயிற்று கிருஷ்ணகிரிக்கு.
கொஞ்சம் ஓடினாள். நின்றாள்.
முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு
இருந்த நாலையும் எண்ணினாள்,
எண்ணினால் ஐந்தாகும் என்பதுபோல.
எங்கள் வண்டியில் இடம் இருந்தது.

அன்று ராத்திரி நோட்டோடு போனேன்.
"சமாதானமா?" என்றாள்,
கதவை முழுசாகத் திறக்காமல்.
"இல்ல. சண்டை பாதியில நிக்குது."

வெங்காய மூட்டையைக் காலால் தள்ளி
உட்கார இடம் பண்ணினாள்.
டீசல், ஏற்றுக்கூலி, மண்டி கேட் வசூல்.
பத்தரை வரை கத்தினோம்.
உள்ளே அவள் மாமனார்
இருமி இருமிப் பார்த்தார்.
பெட்டிக் கணக்குதான் நியாயம், எழுதிக்கொண்டேன்.
ஆனால் அவள் வீட்டுக்காக வண்டி வளைகிற
ஒன்றரை கிலோமீட்டர் யார் தலையில்?
அதையும் அவளிடமே கேட்டேன்.
"நாளைக்குச் சொல்றேன்."

விடிகாலை நாலரை.
"இங்க நிறுத்துப்பா" என்றேன்.
ஒன்பது பெட்டியோடு
ஏறும்போதே ஆரம்பித்தாள்.