வெளியேறும் எடை

இரவு இரண்டே காலுக்கு
வலது கால் கட்டைவிரல் என்னை எழுப்பியது.
போர்வையின் ஓரம் பட்டதற்கே அப்படி.
விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
"காத்தா உங்களக் கடிக்குது?" என்றாள் புஸ்பலீலா.
ஆமாம், காற்றுதான் கடித்தது.

விடிந்ததும் ஒரு காலில் சிலிப்பர்,
மறு காலில் ஒன்றுமில்லை.
வீரசிங்கத்தின் குலை லோரியில் தொற்றி
பகாவ் கிளினிக் வாசலில் இறங்கினேன்.
வழியெல்லாம் அவன் தீர்ப்பு வாசித்துக்கொண்டு வந்தான்:
நெத்திலி. கச்சாங். பருப்பு. பசலைக்கீரை.
"போன வாரம் கல்யாணத்துல
ஆட்டுக்கறி எத்தனை தடவ வாங்குன?"
மூன்று. ஆனால் இரண்டு என்றேன்.
பதினேழு வருடமாய் ஆலை எடைமேடையில் உட்கார்ந்து
குலைக்கடியில் மணல் கொட்டி வருகிறவனைப்
பிடித்துக் கொடுக்கிறவன் நான்.

மிஸ்ஸி ரொசெலின் விரலைப் பார்க்கவேயில்லை.
இடுப்பைச் சுற்றி அளவுநாடாவைப் போட்டாள்.
"வலி கீழே இருக்கு."
"தெரியும் அங்கிள், மூச்ச விடுங்க."
நூற்று நான்கு.

இரத்தம் எடுத்தார்கள்.
மூன்றாம் நாள் நடந்தது ஒரு பெரட்டு.
டாக்டர் அஸ்லினா ஒவ்வொரு பெயராய்க் கூப்பிட்டார்,
ஒவ்வொன்றும் வந்து நின்றது.
அழுத்தம் நூற்றைம்பதுக்குத் தொண்ணூற்றாறு,
வெறும் வயிற்றுச் சீனி ஆறு புள்ளி நான்கு,
இரத்தத்துக் கொழுப்பு, ஈரல் கொழுப்பு,
பின்வரிசையில் யூரிக் அமிலம்.
நல்ல கொழுப்பு மட்டும் மட்டம் போட்டிருந்தது.

எல்லாம் ஒரே லயத்துக்காரர்கள்.
சுவரோடு சுவர், ஒரே கூரை,
வருடக்கணக்காய்ச் சத்தமே இல்லை.
கத்தியது கட்டைவிரல் ஒன்றுதான்,
நாங்கள் அதைப் போய்ச் சந்தேகப்பட்டோம்.

டாக்டர் மலாயில் சொன்னதை
ஆலைக் கணக்கில் மாற்றி எழுதிக்கொண்டேன்:
தொந்தி பெருத்தால் இன்சுலின் பேச்சு எடுபடாது,
எடுபடாததால் உடம்பு இன்னும் சுரக்கும்.
அது மிஞ்சிய இடத்தில் சிறுநீரகம்
வெளி கேட்டு ஜாகாவைப் போல
பாதி லோரியைத் திருப்பி அனுப்பும்.
உள்ளே வருவது குறையாது.
முற்றம் நிறைந்து, திரும்ப இடமில்லாமல்,
உடம்பின் கடைசி மூலைக்கு,
குளிர்ந்து கிடக்கும் மூட்டுக்குப் போய்
ஊசி ஊசியாய் நின்றுவிடும்.

நெத்திலியே, உன் மேல் தனி வழக்கு இல்லை.
நாளுக்கு ஐந்து தே,
டம்ளர் அடியில் ஒரு விரல் கட்டிப்பால்,
மத்தியானம் ஐஸ் போட்ட சிராப்.
இவற்றின் பெயரை யாருமே எடுக்கவில்லை.
ஏர்கோன் அறை, சக்கர நாற்காலி மாதிரியே
சக்கரம் வைத்த என் நாற்காலி,
அதையும்தான்.
வெயிலில் குலை வெட்டும் பங்களாதேசிப் பையன்களுக்கு
இந்த நோய் இல்லை என்று வீரசிங்கம் பெருமூச்சு விட்டான்.
அவர்களுக்கு வேறு இருக்கிறது.

வீக்கம் வடிந்த வாரம், இரவு ஷிப்ட்.
கடைசி லோரி போன பிறகு
எடைமேடை நடுவில் போய் நின்றேன்.
நாற்பது டன் தாங்கும் இரும்பு
எனக்காக ஒரு முனகல்கூட விடவில்லை.
அதற்குப் பத்துப் பத்தாகத்தான் எண்ணத் தெரியும்.
தொண்ணூறு என்றது.
கிளினிக் தராசு சொன்ன நான்கு கிலோ
தள்ளுபடி.

உள்ளேயிருந்து வீரசிங்கம் பட்டனைத் தட்ட
சீட்டு வந்தது.
லோரி எண்: காலி.
சரக்கு: குலை என்று தானாகவே விழுந்திருந்தது.
உள்ளே வந்த எடை: தொண்ணூறு.
வெளியேறும் எடை: வெறும் கோடு.

"ஆறு மாசம் கழிச்சு ஏறி நில்லு, எழுதிக்கலாம்"
என்றபடி பிளாஸ்டிக் பையிலிருந்த தேயில்
பாதியை எனக்கு ஊற்றினான்.
"சீனி கம்மி."
சீட்டை மருந்து அட்டைக்குள் மடித்து வைத்துவிட்டு
டம்ளரை வாங்கிக்கொண்டேன்.
எவ்வளவு கம்மி என்று
நான் கேட்கவில்லை.