தேறல்

நாற்பத்தேழாம் நம்பர் காற்றாடியின் அடிவயிற்றுக்குள்
மின்பெட்டி விடும் வெதுவெதுப்பில்
ஏழு மாதம் கிடந்தது அந்தக் கேன்.
கம்பெனிக்குத் தெரியாது.
'எண்ணெய்க் கசிவு, கண்காணிக்கவும்' என்று
மாதாமாதம் லாக்புக்கில் எழுதிக்
கையெழுத்தும் போட்டவன் ஜெபசீலன்.

தேன், களக்காட்டு மலைத்தேன்,
ஓரத்தில் கசப்பு நிற்கும் கறுத்த தேன்.
தண்ணீர், பாபநாசத்தில்
முங்கிக் குளித்த கையோடு பிடித்தது.
ஈஸ்ட் கேட்டு வள்ளியூர் பேக்கரிக்குப் போன காஜா
பன் தின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.
கடைசியில் தேரிக்காட்டிலிருந்து
ஒரு கரண்டிக் கள்நுரை.
ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்தவள் நான்.
சாத்தான்குளத்தில் ஏறி
மூடி தெறிக்காமல் உள்ளங்கையால் அமுக்கியபடி
நின்றுகொண்டே வந்தேன்.
கண்டக்டர் மோந்து பார்த்தார்.
டிக்கெட்டைக் கிழித்தார்.
சில்லறை மட்டும் கேட்டார்.

முதல் வாரம் அது பேசியது.
குளுக்கோஸ் ட்யூபின் மறுமுனையில்
பொளக், பொளக்.
"ஏல, இதுக்கு விக்கல்," என்றான் காஜா.
அவன் குடிக்கமாட்டான்,
காது வைத்துக் கேட்பதில் தப்பில்லையாம்.
பிறகு விக்கல் நின்றது.
பிறகு தினமும் போனில் ஒரே கேள்வி:
"தேறிட்டா?"
ஜெபசீலன் டார்ச் அடித்துப் பார்ப்பான்.
கலங்கல்.
"தேறல மகராசி. பொறு."

அந்த ஆடியில்தான்
எண்பது மீட்டர் உச்சியில் நயினாருக்குக் கை உறைந்தது.
பெல்ட் அறுபடவில்லை, கால் வழுக்கவில்லை,
ஒன்றுமே நடக்கவில்லை.
இரண்டு மணிநேரம் இரும்பைக் கட்டிக்கொண்டு நின்றவனை
விரல் விரலாகப் பிரித்து இறக்கினார்கள்.
அதன்பிறகு ஸ்டோர் ரூமில்
நட்டு எண்ணும் வேலை.
அவன் பெண்டாட்டியிடமும் நாங்கள் போனில் கேட்டோம்,
தேறிட்டானா என்று.
அவளும் சொன்னாள்,
பொறுங்க.

ஐப்பசியில் காற்று ஓய்ந்தது.
பணகுடி மலை மேகத்துக்குள் போய்விட்டது.
வெளியே மழை, உள்ளே நாங்கள்,
கோபுரத்தின் வட்டச் சுவரில் முதுகு சாய்த்து.
உவரி நெத்திலி வறுவல், காகிதத்தில் எண்ணெய் ஊறி.
எவர்சில்வர் டம்ளர் நாலு.
காஜாவுக்குப் பன்னீர் சோடா.

ஜெபசீலன் கேனுக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தான்.
இந்தப் பக்கமிருந்து பார்த்தால்
அவன் கட்டைவிரல் ரேகை தெரிந்தது.
"தேறிட்டு!" என்று கத்தினான்.

நயினார் சட்டென்று நிமிர்ந்தான்.
தன்னைச் சொல்வதாக நினைத்திருப்பான் போல.
மழைச்சத்தம் மட்டும் கொஞ்சநேரம்.
பிறகு முதலில் சிரித்தது அவன்தான்.
நாங்களும் சிரித்தோம்.
சிரிப்பு இருட்டுக்குள் எண்பது மீட்டர் ஏறிப்போய்
கொஞ்சம் தாமதமாக,
பத்திரமாக,
இறங்கி வந்தது.

முதல் வாயில் தேன் இல்லை.
நாக்கு தேடியது, ஏமாந்தது.
ஒரு புளிப்பு, பச்சைமரம் சீவிய வாசம்,
தொண்டையில் ஒரு சின்ன நெருப்பு.
இவ்வளவுதானா என்று
டம்ளரைக் கீழே வைக்கும்போது
மறந்துவைத்த குடையை எடுக்க வந்தவள்போல்
இனிப்பு திரும்பி வந்தது.
"எப்பா," என்றான் ஜெபசீலன்.
ஏழு மாதத்துக்கு அவன் சொன்ன ஒரே வார்த்தை.

மூன்றாம் டம்ளரோடு நயினார் எழுந்தான்.
ஏணியருகே போனான்.
நெத்திலி மெல்வதை நிறுத்தினோம்.
மூன்று படி ஏறினான்.
அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.
"இங்கயிருந்து பாத்தா,
காஜாவுக்கு மண்டையில முடி கொட்டிட்டுல."
சோடாவைக் குடித்துக்கொண்டே
காஜா தலையைத் தடவிப் பார்த்தான்.

எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டதும் அவன்தான்.
நான் இறங்கும்போது மணி ஒன்றரை,
கையில் கழுவாத டம்ளர்கள்.

மறுநாள் லாக்புக்கில் ஜெபசீலன் கையெழுத்து:
'கசிவு சரிசெய்யப்பட்டது.'
அதற்குக் கீழே நயினாரின் கோழிக்கிறுக்கல்:
'அடியில் வண்டல் உள்ளது.
கொட்ட வேண்டாம்.'