இன்னும் ஒரு சென்டிமீட்டர்

எலும்பு என் கத்திக்கு மசியாது.
உறைய வைத்துச் சீவினால்
பிளேடுக்குத்தான் பல் போகும்.
அதனால் அறுத்த தாடையின் விளிம்பில்
மஜ்ஜையைச் சுரண்டிக்
கண்ணாடியில் தேய்த்து அனுப்புகிறார்கள்
மாடியிலிருந்து.

விருமாயி, நாற்பத்தாறு, செக்கானூரணி.
களையெடுக்கையில் இடக்கன்னத்தில் ஒதுக்கிய புகையிலை
என்கிறது பழைய சீட்டு.

சாயம் காயுமுன்னே போன்:
"என்ன மேடம், மூடலாமா?"

கொழுப்புக் குமிழ்கள், சிவப்பணுக்கள்,
நடுவே
இருக்கக்கூடாத இடத்தில்
தோளோடு தோள் ஒட்டி
ஏழெட்டுச் செல்கள்.
"இன்னும் ஒரு சென்டிமீட்டர்" என்றேன்.

அதில் கோரைப்பல்லும் போகும்.
சிரித்தால் முதலில் தெரிவது.

ரம்பச் சத்தம் கீழே கேட்காது.
கோரிப்பாளையம் சிக்னலில்
திருமங்கலம் பஸ் ஒன்று
விடாமல் ஹாரன் அடித்தது.

இரண்டாவது கண்ணாடியில் வெறும் கொழுப்பு.
லென்ஸை மாற்றி மூன்றுமுறை பார்த்தேன்.
வெறும் கொழுப்புதான்.
மூடலாம்.

வந்த எலும்பை அமிலத்தில் போட்டேன்.
இளகப் பத்து நாளாகும்.
உண்மையான பதில் அதற்குப் பிறகு.
அதற்குள் தையல் பிரித்து ஊருக்குப் போயிருப்பாள்.

படிக்கட்டில் அவள் வீட்டுக்காரர்:
"எம்புட்டு எடுத்தாக?"
இரண்டு விரலை அகட்டிக் காட்டினேன்.
யோசித்து, கொஞ்சம் கூட்டினேன்.

அவர் அதே அளவைத்
தன் விரல்களில் வாங்கி
தன் தாடையில் வைத்துப் பார்த்தார்.