பதினேழுக்கு மேல்

ஐப்பசி அடைமழை. கொள்முதல் நின்று நாலு நாள்.
கோட்டூருக்குக் கிழக்கே எங்கள் நிலையத்தின் முன்னால்
தார்ப்பாய் முக்காட்டோடு
குறுவைக் குவியல்கள் வரிசையில் நின்றன.
கருவியில் இருபத்திரண்டு.
ஈரப்பதம் பதினேழுக்கு மேல் போனால்
எடுக்கக் கூடாது.

புத்தகத்துக்கும் நான் இதே சட்டம்தான் வைத்திருக்கிறேன்,
மேலிடத்துக்குத் தெரியாது.
முதல் பக்கத்திலேயே அழுகிற கதையை
காயப்போட்டு எடுத்துவரச் சொல்லுவேன்.
ஒரேயடியாகக் காய்ந்ததும் ஆகாது,
அரவையில் நொறுங்கிவிடும், குருணைதான் மிஞ்சும்.

கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன்.
குவியலுக்குக் காவல் படுக்கிற தனபாக்கியத்துக்கு
ஒரு கொலைக் கதை.
கொன்றது யாரென்று எண்பதாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்,
இருந்தும் தூங்கவிடாது.
"நெல்லுல ஆடு வாய் வைக்கலன்னா
அந்தச் செத்தவன் புண்ணியம்" என்றாள்.

கிடங்கு வாசலில் இரண்டு நாள் லாரியோடு கிடக்கும் ஜபருல்லாவுக்கு
பக்கம் பக்கமாக யாருமே பேசாத ஒரு கடல் பயணம்.
திருப்பித் தரவில்லை.
அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்,
வேறென்ன செய்ய.

கவிதை கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.
இழுப்பறையில் இரண்டு கிடக்கின்றன,
முத்திரை மை பட்டு.

பக்கிரிசாமி மூட்டை தூக்குகிறவர்.
"நல்லதா ஒண்ணு குடுங்க கிளார்க்கம்மா."
நல்லதா. அதற்கு மேல் விளக்கமில்லை.
அப்படிக் கேட்டால்
ஒளித்து வைத்திருப்பதைத்தான் எடுக்கத் தோன்றுகிறது.

பத்தொன்பது வயதில் திருவாரூரில் பழைய கடையில் வாங்கியது.
அட்டை இல்லை, பெயர்ப் பக்கம் இல்லை.
எழுதியவர் யாரென்று தெரியாது, விசாரிக்கவுமில்லை.
நாற்பத்தாறாம் பக்கத்தில்
ஒரு வரிக்குக் கீழே பச்சை மையில் இரட்டைக் கோடு:
மூட்டை சுமந்து போகிறவன்
வரப்பில் நின்று நிலாவைப் பார்க்கிறான்.
கல்யாணம் தட்டிப்போன வருஷம்
சோறு இறங்காத ராத்திரிகளில்
அந்த வரி இறங்கியது.

ஒன்பதாம் நாள் வெயில் வந்தது, பக்கிரிசாமியும் வந்தார்.
நாற்பத்தாறில்
சாக்குத் தைக்கிற சணல் ஒரு துண்டு.

"எல்லாஞ் சரிதாம்மா. எழுதுனவரு தூக்கினதில்ல."

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நாப்பது கிலோ தோள்ல இருந்தா கழுத்து திரும்பாது.
நிலா இருக்கும், அது பாட்டுக்கு.
நமக்குத் தெரியுறது
முன்னால போறவன் குதிகாலு."

இருபத்து மூன்று வருஷம்.
அந்த வரியை எத்தனை முறை கடந்திருப்பேன்.
தினம் எண்ணூறு மூட்டை
என் ஜன்னலைக் கடக்கிறது, எண்ணிப் பட்டியல் எழுதுகிறேன்.
இரண்டையும் ஒருநாளும்
ஒரே தராசில் வைத்ததில்லை.

"அப்ப பிடிக்கலையா?"

"யாரு சொன்னா?
அந்தப் பொம்பள தண்ணி கேட்டுட்டு
குடிக்காமப் போறாள்ல,
அதுலேர்ந்து வெளிய வர
நாலு நாளு ஆச்சு எனக்கு."

எந்தப் பெண்?
ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன்,
வாசிக்காதவர்கள் ஆட்டுகிற மாதிரி.

ராத்திரி தேடினேன்.
நூற்றுப் பன்னிரண்டில் இருந்தாள்.
கோடு இல்லை. இரண்டே வரி.
செம்பை வாங்குகிறாள், வாசற்படியில் வைக்கிறாள், போகிறாள்.
கருவியை வைத்தால் பதினொன்றுகூடக் காட்டாது.
விளக்கை அணைக்க மணி இரண்டாகிவிட்டது.

என்ன படிக்கலாம் என்று
நீங்களும் கேட்டிருந்தீர்கள்.
பெயர் சொல்ல வழியில்லை, அட்டை கிடையாது.
பச்சைக் கோட்டை நம்ப வேண்டாம்.
சணலைப் பிடுங்கிவிடாதீர்கள்.
இப்போது அது தனபாக்கியத்திடம் இருக்கிறது,
உங்களுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.