நாலு பேரும் ஓராள்

பிறப்புச் சான்றிதழில் அந்திராதோ.
பள்ளிக்கூட இடாப்பில் அன்றாடு.
அடையாள அட்டையில் அண்ட்ராடோ.
ஞானஸ்நானப் பதிவேட்டில்
வெள்ளம் புகுந்த வருடம் மை கலைந்து
'அந்' என்பதற்குப் பின்னால் ஒரு நீலக் குளம்.

"நாலு பேரும் ஓராள்தான் எண்டு
சமாதான நீதவானிட்ட
சத்தியக் கடதாசி எடுத்து வாங்க கா.
இல்லாட்டி பாஸ்போட் வராது"
என்றாள் கவுண்டரில் இருந்தவள்,
ஸ்டேப்ளர் கம்பியை நகத்தால் நெம்பியபடி.

அன்றாடு என்று எழுதியவர் கணக்கு வாத்தியார்.
இடாப்புக் கூப்பிடும்போது பின்வாங்கில் எவனோ
"அன்றாடங்காய்ச்சி" என்றான்.
வகுப்பே சிரித்தது. நானும்தான்.
அப்பா அந்த மாதம் கல்லடியில்
படகு எஞ்சின் கழுவிக்கொண்டிருந்தார்.
செவ்வாய்க்கிழமைக் காசு
புதன் விடியுமுன் முடிந்துவிடும்.
தெரியாமல் வைத்தாலும்
பொருத்தமான பேர்.

நேற்றிரவு கரண்ட் போன நேரம்
போனில் பேரைத் தட்டித் தேடினேன்.
ஸ்பெயினில் ஒரு மூலை. மழை கூடின மலைப்பக்கம்.
அங்கே ஒரு சின்ன ஊருக்கு
அந்திராதே என்று பேர்.
பாசி பிடித்த கோபுரம். புல்லுக்குள் மாடுகள்.
என் மூக்கோடு யாரும் நிற்கிறார்களா என்று
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மாடுகள் மட்டும்தான்.

அந்த ஊருக்குள் யாரும் யாரையும்
அந்திராதே என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.
எல்லாருமே அதுதானே.
ஒருத்தன் மூட்டையோடு மலை இறங்கி
அடுத்த ஊர்ச் சந்தையில் நின்றிருப்பான்.
"யார் அவன்?"
"அந்திராதேக்காரன்."
அன்றைக்குத்தான் பேர்.

பிறகு எந்தக் கப்பல், எந்த வாய்,
எந்த வழியாக வாவிக்கரைக்கு வந்ததோ.
தாயின் குடி கேட்டு ஆளை அளக்கிற ஊர் இது.
நாங்கள் தகப்பன் வழியில்
ஒரு ஊரைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம்,
அது ஊர் என்றே தெரியாமல்.

கடல் வந்துபோன பிறகு
டச்பாரில் இருந்து எங்களைப்
பனிச்சையடிக்கு ஏற்றினார்கள்.
டச்பாரில் இருந்த காலம்
எங்களை யாரும் டச்பார் என்றதில்லை.
இங்கே மீன்காரன் போனில் என் நம்பர்
'டச்பார் அக்கா'.
பில் கொண்டுவருகிறவன் கேட்பது
"டச்பார் ஆக்கள்ர லேன் இதா?"
மகன் எட்ரிக் பிறந்ததே பனிச்சையடியில்.
அலை காலில் பட்டால் அழுவான்.
பள்ளியில் அவனும் டச்பார்.

குவைத்தில் தங்கச்சி வலேரி,
எட்டு வருஷம் ஒரே வீட்டில்.
"எண்ட பேர் அவங்களுக்குத் தெரியா.
'சிரிலங்கா, தண்ணி கொண்டா' எண்டுதான்"
என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள்.
பக்கத்து வீட்டில்தான்
எனக்கும் வேலை பார்த்து வைத்திருக்கிறாள்.
அந்தத் தெருவில் இனி
ரெண்டு சிரிலங்கா.

சமாதான நீதவான் சந்திரகாந்தன்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"நாலையும் எழுதிட்டன். மறுகா,
சரியான பேர் எது?
ஒண்டைச் சொன்னாத்தான் சீல் அடிக்கலாம்."

எனக்கு அந்த மாடுகள் ஞாபகம் வந்தன.

வெளியே ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான்.
"டச்பார் அக்கா, வெயிற்றிங் ஏறுது!"

நீதவான் பேனையைத் தூக்கியபடி
வாசலைப் பார்த்தார்.
பிறகு என்னை.